மழையில் வாடிய கொழுந்து

மூங்கிலாத்துத் தோட்டத்தில் ஆடி பிறந்ததிலிருந்து வெயில் விழவில்லை. துணி காயவில்லை, விறகு காயவில்லை, சுவரில் அடித்த சுண்ணாம்பு ஈரம் குடித்து ஊதி, தொட்டால் மாவாக உதிர்ந்தது. அப்படிப்பட்ட ஒரு காலையில், இலையைப் பதப்படுத்தும் தேயிலை ஸ்டோரின் மேல்மாடியில், கிழக்கு மூலைத் தட்டுகளில் மட்டும் கொழுந்து அழகாக வாடியிருந்தது.

ஸ்டோர்க் கணக்கப்பிள்ளை மாசிலாமணி அதை ஒரு பிடி அள்ளிப் பார்த்தான். மரச்சட்டங்களில் சாக்கை இழுத்துக் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை ஏறும் தட்டுகள். மற்ற எல்லாத் தட்டுகளிலும் முதல் நாள் பரப்பிய கொழுந்து மழையில் பறித்த விறைப்போடு, குளிர்ந்து, கைபட்டால் ஒடியும் பச்சையாகவே கிடந்தது. இந்த மூலையில் மட்டும் அது துவண்டு, உள்ளங்கையில் பட்டுத்துணிபோல மடங்கி, பழுத்த கொய்யாவின் வாசனை வீசியது. கோடைக்காற்றில்கூட இவ்வளவு சீராக வாடி அவன் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்; வாடினால்தான் இலையை உருட்ட முடியும். ஆனால் தட்டின் நடுவில் இலை அமுங்கிப் பள்ளமாகியிருந்தது. நீளப் பள்ளம். தோள்பக்கம் அகன்று, இடுப்பில் குறுகி, கால்மாட்டில் இரண்டாகப் பிரிந்திருந்தது.

"ஐயா, ராத்திரி இதுல யாராச்சும் படுத்தாங்களா?"

பின்னால் இருளாயி நின்றிருந்தாள். மேல்மாடியில் இலை பரப்பவும், வாடிய இலையைத் தரையில் வெட்டியிருந்த பொந்துவழியே கீழே உருட்டும் இயந்திரத்துக்குத் தள்ளவும் அவள்தான் பொறுப்பு. இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கும் தலையில் கம்பளியுமாக, ஈரத்தில் நனைந்த காகம்போல இருந்தாள்.

"எலி ஓடியிருக்கும்."

"எலிக்கு இம்புட்டு நீளமாங்கய்யா காலு?" என்று சிரித்தாள். மாசிலாமணி சிரிக்கவில்லை. கையிலிருந்த இலையைப் பள்ளத்தின்மேல் தூவி, விரல்களால் நிரவி மூடினான்.

"வாய்ப் பேச்ச விட்டுட்டு வேலையப் பாரு புள்ள."

அவள் துடைப்பத்தை எடுத்தாள். ஆனாலும் நகரவில்லை. மாதத்துக்கொரு தரம் கேட்கும் கேள்வியை அன்றும் கேட்டாள்.

"ஐயா, எங்க அம்மாவப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா? பங்குனியில கங்காணி கூட்டியாந்த ஆளுங்கள்ல அதுவும் வந்துச்சாம். மாத்தளையில வேற தோட்டத்துக்காரன் இழுத்துக்கிட்டுப் போயிட்டான்னு கங்காணி சொல்றாரு. எந்தத் தோட்டம்னு கேட்டா மொறைக்கிறாரு."

"விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும் சாமி."

அவன் படியிறங்கினான். பாதி வழியில்தான் தெரிந்தது, நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.

அன்று மத்தியானம் கில்பின் துரை தேயிலை ருசி பார்க்க வந்தார். வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக ஆவி விட்டன. துரை ஒவ்வொன்றையும் கரண்டியால் சர்ரென்று உறிஞ்சி, வாயில் புரட்டி, பக்கத்திலிருந்த பித்தளைக் குடத்தில் துப்பிக்கொண்டே வந்தார். கடைசிக் கிண்ணத்தில் நின்றார். துப்பவில்லை. விழுங்கினார்.

"என்னா இது கணக்கப்பிள்ளே?"

"கெழக்கு மூலைக் கொழுந்து தொரே."

"மழையிலே இப்படி வாடுமா?" துரை இன்னொரு வாய் குடித்தார். மீசை நனைந்திருந்தது. "நீ கெட்டிக்காரன். இனிமே நெறைய கொழுந்து அந்த மூலையிலே போடு. ரொம்ப நெறைய போடு."

அந்த மூலையில் என்ன கிடந்தது என்பது துரைக்கு ஞாபகமே இல்லை. மாசிலாமணி அவர் முகத்தில் தேடிப் பார்த்தான். ஒன்றுமில்லை. நல்ல தேயிலை குடித்த திருப்தி மட்டுமே இருந்தது.

பங்குனியில் அந்தக் கட்டடம் இன்னும் தேயிலை ஸ்டோராகவில்லை. பழைய காப்பி ஸ்டோர். மலையெல்லாம் காப்பிச்செடியில் மஞ்சள் பூசணம் விழுந்து, இலை கொட்டி, வெள்ளைக்காரர்கள் பலர் பங்களாவை விட்டு ஓடிப்போன பிறகு, வெறும் பலகையும் பழங்காப்பி நாற்றமுமாகக் கிடந்தது. ஆற்றுக்கு இந்தப்பக்கம் ஸ்டோர், அந்தப்பக்கம் மலைச்சரிவில் கூலியாட்கள் குடியிருக்கும் லயங்கள். தேயிலை இயந்திரம் கொழும்பிலிருந்து வரும் வழியில் இருந்தது.

குப்பமுத்துக் கங்காணி புது ஆட்களை மன்னாரிலிருந்து நடத்திக் கூட்டிவந்தார். காட்டுப்பாதையில் குளமெல்லாம் வற்றிய மாதம். ஆற்றுப்பாலத்தருகில் வந்தபோதே பாதிப்பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். துரை குதிரையை விட்டு இறங்கவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "காப்பி ஸ்டோர் மேலே போடு. பூட்டு. ஒருத்தனும் லயத்துக்குப் போகக் கூடாது," என்றார். சாவி மாசிலாமணியிடம் வந்தது. காலையும் மாலையும் கஞ்சித்தண்ணீரும் குடிதண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சுலபமான வேலை.

முதல் நாள் மாலை வாளியோடு ஏறிக் கதவைத் திறந்தான். நாற்றம் முகத்தில் மோதியது. இருட்டுக்குக் கண் பழகும் முன்பே ஒரு கை தரையில் ஊர்ந்து வந்து அவன் கணுக்காலைப் பிடித்தது. பெண்ணின் கை. மணிக்கட்டில் தேள் உருவம் பச்சை குத்தியிருந்தது.

"சாமி... தண்ணி."

அவன் உதறினான். விடவில்லை. மற்றக் காலால் உதைத்தான். விட்டது. வாளி படியில் உருண்டு கொட்டியது. அவன் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு ஓடினான். வீட்டுக்குப் போய்க் காலைச் சாம்பலால் தேய்த்தான், சுண்ணாம்பால் தேய்த்தான், தோல் உரியும்வரை தேய்த்தான். மனைவி ஞானப்பூ நிறைமாதமாக வாசலில் நின்று, "என்னங்க ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. தண்ணி குடுத்துட்டு வந்தேன்."

பிறகு அவன் கதவைத் திறக்கவில்லை. ஆனால் வேளை தவறாமல் வாளி சுமந்து போனான். பூட்டிய கதவுக்கு வெளியே படியில் வைத்துவிட்டு வந்தான். அடுத்த வேளை போகும்போது வாளி வைத்த இடத்தில் நிறைந்தே இருக்கும். அதை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு, பாலத்தில் நிற்கும் காவல்காரன் கண்ணில் படும்படி வெறும் வாளியை ஆட்டிக்கொண்டு திரும்புவான். குடித்துவிட்டார்கள் என்று காவல்காரன் நினைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே தட்டும் சத்தம் முதலில் கதவில் இருந்தது. பிறகு கதவின் அடிப்பகுதியில். பிறகு தரையில், எங்கோ கிழக்கு மூலையில், ஒரு விரல் மட்டும் தட்டுவதுபோல. பிறகு அதுவும் இல்லை.

கங்காணி வெளியூர் ஆட்களைச் சாராயம் கொடுத்துக் கூட்டிவந்து எல்லாவற்றையும் பள்ளத்தாக்கில் புதைத்தார். யாருடைய பெயரும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூப்பிடப்படவில்லை. அதனால் கணக்குப்படி யாரும் வரவேயில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். இயந்திரம் வந்தது.

ஆற்றுக்கு அந்தப்பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த முதல் பெண் இருளாயி. கூடையை இறக்கிவைக்கக் கையை உயர்த்தினாள். அவள் மணிக்கட்டிலும் தேள் இருந்தது.

"எங்கம்மாவும் நானும் ஒரே குறத்திகிட்ட குத்திக்கிட்டோம்யா," என்று அவன் பார்ப்பதைக் கண்டு சொன்னாள்.

கிழக்கு மூலையில் நிறையக் கொழுந்து போட்டார்கள். எல்லாம் வாடியது. ஒரே இரவில், மழை ஓட்டுக்கூரையை அடித்து நொறுக்கும்போதே வாடியது. துரை மாசிலாமணிக்குத் தன் பழைய கம்பளிக் கோட்டைக் கொடுத்தார். பக்கத்துத் தோட்டத்துத் துரைகள் குதிரையில் வந்து மேல்மாடியைப் பார்த்து, ஜன்னல் அமைப்பையும் கூரைச் சரிவையும் அளந்துகொண்டு போனார்கள்.

வாட்டம் மூலையோடு நிற்கவில்லை. அடுத்த அடுக்குக்கு வந்தது, பிறகு அதற்கடுத்ததற்கு. பள்ளங்களும் கூடவே வந்தன. சில நீளமாக, சில முழங்கால் மடித்து ஒருக்களித்ததாக, ஒன்று இன்னொன்றின் அணைப்புக்குள் குறுகியதாக. மாசிலாமணி விடியும்போதே ஏறி, யாரும் பார்க்கும் முன் கையால் நிரவிவிடுவான். நிரவும்போது பள்ளத்தின் அடியில் இலை சருகாக நொறுங்கும். உறிஞ்சிப் போட்ட கரும்புச் சக்கைபோல ஈரமே இல்லாமல். விரல் நுனியில் தோல் வெடிக்கத் தொடங்கியது.

"ஐயா, மேல போனா நாவறட்சி தாங்கல," என்றாள் இருளாயி ஒருநாள். அவள் உதடுகளில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. "பீலிக்கரையில வயிறு முட்டக் குடிச்சுட்டுத்தான் ஏறுறேன். பரப்பி முடிக்குறதுக்குள்ள தொண்டை ஒட்டிக்குது. செம்புல தண்ணி கொண்டுபோய் வச்சேன். திரும்பிப் பாக்குறேன், செம்பு காஞ்சு கெடக்கு."

"ஓட்டைச் செம்பா இருக்கும்."

"புதுச்செம்புங்கய்யா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணும் சொல்றேன், திட்டாதீங்க. அந்த மூலையில எங்கம்மா வாசனை அடிக்குது. வேப்பெண்ணெயும் பொகையிலையும். அது தலைமாட்டுல படுத்தா அடிக்குமே, அதே வாசனை. மனசுதான் அப்புடி நெனைக்குது போலருக்கு, இல்லீங்களாய்யா?"

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான்கூட. கீழே தண்ணீர்ச்சக்கரம் சுற்றி, இயந்திரத்தின் பெரிய உருளை அரைத்து அரைத்துச் சுழல்வது காலடிப் பலகையில் அதிர்ந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிக்கையோடு. அதுதான் தாங்க முடியவில்லை.

"வேற வேலைக்கு மாத்தி விடட்டுமா?" என்றான்.

"வேணாம்யா," என்றாள் அவசரமாக. "அந்த வாசனை கெடைக்குதே."

வீட்டில் ஞானப்பூ கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"தொர ஒங்கள எப்புடிக் கொண்டாடுறாரு பாத்தீங்களா? எல்லாம் அந்தப் புண்ணியந்தான்."

"எந்தப் புண்ணியம்?"

"எல்லாரும் பயந்து ஓடுறப்ப நீங்க மட்டும் அந்தச் சனங்களுக்கு வேளாவேளைக்குத் தண்ணி சொமந்தீங்களே. நான் யார்கிட்டயும் சொல்லல, நீங்க வேணாம்னீங்க. ஆனா நெனச்சுக்குவேன். புள்ளை நல்லபடியாப் பொறந்துச்சு பாருங்க."

அவன் எழுந்து வெளியே போனான். கூரைத் தாழ்வாரத்தில் மழைநீர் பிடிக்க வைத்த வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காது மடல்வரை கொதித்தது.

அந்த வாரக் கடைசியில் கொழும்பிலிருந்து தேயிலை வாங்கும் வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு துரை அவரை ஸ்டோருக்கு அழைத்து வந்தார். இலை பொந்துவழியே இறங்கி, உருண்டு, நிறம் மாறி, அடுப்பில் காய்வதை முதலிலிருந்து காட்ட வேண்டும். அன்று மழை விட்டிருந்தது. பதிலுக்கு மூடுபனி இறங்கியது. ஆற்றை மூடியது, பாலத்தை மூடியது, ஜன்னல்வழியே உள்ளே வந்து இயந்திரத்தின்மேல் உட்கார்ந்தது. பட்டப்பகலில் விளக்கேற்ற வேண்டியிருந்தது.

"கொழுந்து எறக்கச் சொல்லு," என்றார் துரை.

மாசிலாமணி பொந்தின் கீழ் நின்று அண்ணாந்து கூப்பிட்டான். "இருளாயி! தள்ளி விடு!"

இலை வரவில்லை. அவள் மேலே போய் வெகுநேரமாகியிருந்தது. பொந்து கறுப்பாக இருந்தது. அதிலிருந்து காற்று இறங்கி வந்தது. சூடான காற்று. உலர்ந்த காற்று. வேப்பெண்ணெய் வாசனை.

"வேற யாராச்சும் போங்க," என்றான், தூள் சலித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து.

பெண்கள் அசையவில்லை. அவர்களில் மூத்தவள், பேச்சி, சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள். "நீங்களே போங்கய்யா. சாவி ஒங்ககிட்டதான எப்பவும் இருக்கு."

அவளுக்கு எவ்வளவு தெரியும்? எல்லோருக்கும் எவ்வளவு தெரியும்? துரை சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். மாசிலாமணி ஏறினான்.

படிக்கட்டுப் பலகைகள் காய்ந்து நெளிந்திருந்தன. இந்த ஈரத்தில். கைப்பிடியின் மரம் பிளந்து சிராய் நீட்டிக்கொண்டிருந்தது. கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே இருளாயியின் குரல் கேட்டது. யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். சண்டையும் சிரிப்புமாக, வீட்டு மனுஷியிடம் பேசும் பேச்சு.

"...இம்புட்டு நாளா இங்கனயேதான் இருந்தியா? ஆத்துக்கு அக்கட்டாலதான நான் இருக்கேன். ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? ...ஆமா. ஆமா. தட்டுனியா? எனக்குக் கேக்கலையே ஆத்தா..."

அவள் பேச்சு நிற்கும் இடங்களில் வேறொரு சத்தம் இருந்தது. மெல்லிய சத்தம். உலர்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம். ஒன்றல்ல. அடுக்கடுக்காக, தரையிலிருந்து கூரைவரை.

அவன் கை கதவை இழுத்தது. சாவியைத் திருகியது. அவன் யோசிக்கவேயில்லை. கைக்குப் பழக்கமான வேலை.

உள்ளே எல்லாம் அடங்கியது.

"ஐயா?" என்றாள் இருளாயி. "ஐயா, கதவு பூட்டிக்கிச்சு போலருக்கு."

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"ஐயா, நீங்கதான நிக்கிறீங்க? கோட்டு வாசம் வருது."

கதவில் தட்டினாள். மெதுவாக. பிறகு கதவின் அடியில். பிறகு அவள் குரல் வந்தபோது அது அவள் குரலாக இல்லை. தொண்டையில் சருகு உரசியது.

"ஐயா. தண்ணி."

ஓடினான். படியிறங்கி, பின்கதவுவழியே, மூடுபனிக்குள். பீலிக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே கிடந்த வாளியைப் பிடித்தான். நிரப்பினான். திரும்ப ஏறினான். தண்ணீர் தளும்பிக் கோட்டை நனைத்தது. மேல்படியில் வாளியை வைத்தான். வைத்துவிட்டுத் திரும்பினான். ஒரு படி இறங்கினான்.

நின்றான்.

எத்தனை தரம் வைத்திருக்கிறான் இதே படியில். முகத்தில் ரத்தம் ஏறியது. யாருமில்லாத படிக்கட்டில், தன்னை யாரோ பார்ப்பதுபோலக் கூசியது. அழுகை வரவில்லை. கண் உலர்ந்திருந்தது. திரும்பி ஏறினான். பூட்டைத் திறந்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

மூடுபனி உள்ளே இல்லை. காற்று அடுப்புக் காற்றுபோல இருந்தது. ஜன்னல் வெளிச்சம் சாம்பல் நிறமாகத் தட்டுகளில் விழுந்தது. பள்ளங்கள் இல்லை. பள்ளங்கள் நிரம்பியிருந்தன.

இலையால் ஆன உடம்புகள். வாடிய கொழுந்து ஒட்டி ஒட்டித் திரண்டு, தோளாக, விலாவாக, மடித்த முழங்காலாக. அடுக்கடுக்காக. ஒவ்வொரு தட்டிலும். எல்லா முகமும் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. எல்லா வாயும் திறந்திருந்தது.

கிழக்கு மூலையில், தரையில், இருளாயி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தலை. அதன் நெற்றியை வருடிக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் கறுத்துச் சுருங்கியிருந்தன. கன்னம் ஒட்டி, தோல் மடிந்து, உதடு பல்லை விட்டு விலகியிருந்தது. கண் மட்டும் ஈரமாக இருந்தது.

"அம்மாவுக்கு ஒங்களத் தெரியுமாம்யா," என்றாள்.

அவன் வாளியைக் கீழே வைத்தான்.

"ஒங்க காலைப் பிடிச்சுச்சாம்."

மாசிலாமணி முழங்காலிட்டான். வாளியைச் சாய்த்து அருகிலிருந்த வாயில் தண்ணீர் விட்டான். சத்தமில்லாமல் இறங்கியது. அடுத்ததில் விட்டான். அடுத்ததில். எழுந்து மேல் தட்டுக்கு விட்டான். மடியிலிருந்த வாய்க்கு விட்டான். இருளாயியின் வாய்க்கு விட்டான். அவள் விழுங்கவில்லை, தண்ணீர் உள்ளே போய்க்கொண்டேயிருந்தது. "குடிங்க," என்றான். "குடிங்க. மன்னிச்சிருங்க. குடிங்க." வாளி காலியானது. ஒரு வாய்கூட மூடவில்லை.

"இன்னும் கொண்டாரேன்," என்றான். "இதோ. இப்பவே கொண்டாரேன்."

அப்போது பொந்துவழியே கீழிருந்து குரல் வந்தது.

"கணக்கப்பிள்ளே! என்னா செய்றே மேலே? கொழுந்து எறக்கு! சீக்கிரம்!"

"தொரே," என்றான் மாசிலாமணி. தன்னையறியாமல். எழுந்து நின்றுவிட்டான். முதுகு வளைந்துவிட்டது.

பொந்தின் கீழே விளக்கு வெளிச்சம். வெளிச்சத்தில் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு வெள்ளை முகங்கள் அண்ணாந்து காத்திருந்தன. சுவரோரத்தில் இலை தள்ளும் பலகை சாய்த்து வைத்திருந்தது. அவன் கை அதை எடுத்தது.

வேண்டாம் என்று நினைத்தான். மெய்யாகவே நினைத்தான்.

முதல் தட்டைச் சரித்தான். அதிலிருந்த உடம்பு மெத்தென்று தரையில் விழுந்தது. பலகையால் தள்ளினான். சருகுச் சத்தத்தோடு நகர்ந்து, பொந்தின் விளிம்பில் ஒருகணம் தங்கி, திறந்த வாயோடு அவனைப் பார்த்துக்கொண்டே இறங்கியது. கீழே உருளையின் சத்தம் கனத்து, மறுபடி சீரானது.

"நல்லா இருக்கு!" என்றார் துரை. "இன்னும்!"

அடுத்தது. அடுத்தது. அணைத்துக்கொண்டிருந்த இரண்டும் ஒன்றாகப் போயின. யாரும் தடுக்கவில்லை. யாரும் கத்தவில்லை. இருளாயியின் மடியிலிருந்ததைத் தள்ளும்போது அவள் கையை எடுத்து வழிவிட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். மூலை வெறுமையானது.

"இன்னும் போடு கணக்கப்பிள்ளே!"

"இந்தா போடுறேன் தொரே."

பலகை அவள் முழங்காலில் முட்டி நின்றது. அவள் நகரவில்லை. ஈரக் கண் இரண்டும் அவன்மேல் இருந்தன. மாசிலாமணி பலகையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

பலகைக்கு அவள் பாரமாகவே இல்லை.